துருவிலிருந்து இரும்பு எடுக்கும் உயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்கனிம வேதியியல் பாடத்தில் இரும்பு என்றதும் ஹீமோகுளோபினில் தொடங்கி ஆக்சிஜன் கடத்தலோடு முடித்துவிடுவது வழக்கம். அந்த இரும்பு செல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்ற கதைக்கு ஒரு பத்திதான் கிடைக்கும். சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. மாணவர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி இரும்பைப் பற்றித்தான். மற்ற உலோகங்கள் பின்னால் வரும்.

பூமியில் இரும்புக்குப் பஞ்சமே இல்லையே. பிறகு ஏன் உயிர்கள் அதற்காக இவ்வளவு பாடுபடுகின்றன?

புவியோட்டின் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம் இரும்பு. உலோகங்களில் அலுமினியத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். ஆனால் காற்றுபட்ட, நடுநிலையான நீரில் இரும்பு மூன்று மின்சுமை கொண்ட ஃபெரிக் நிலைக்குப் போய், ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடுகிறது. கண்முன்னே மலைபோல் குவிந்திருந்தும் வாயில் வைக்க முடியாத நிலை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபெரிக் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம், அதாவது நிறைகரைசலில் ஃபெரிக் செறிவையும் ஹைட்ராக்சைடு செறிவின் மும்மடியையும் பெருக்கிய மதிப்பு, சுமார் 10⁻³⁹. பிஎச் 7-இல் ஹைட்ராக்சைடு அயனியின் செறிவு 10⁻⁷ மோலார். அதன் மும்மடி 10⁻²¹. வகுத்தால், தனித்த ஃபெரிக் அயனியின் செறிவு 10⁻¹⁸ மோலார் என்று வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 6 லட்சம் அயனிகள். ஈ. கோலை போன்ற ஒரு பாக்டீரியா செல்லுக்குள் இருக்கும் இரும்பு அணுக்களே சில லட்சம் முதல் 10 லட்சம் வரை. ஒரு லிட்டரையும் துடைத்தெடுத்தால் ஒரே ஒரு பாக்டீரியாவுக்குத் தேறும், அவ்வளவுதான்.

தனித்த அயனியை மட்டும் எண்ணுவது கொஞ்சம் மிகைப்படுத்தல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹைட்ராக்சைடு ஒட்டிக்கொண்ட கரைந்த வடிவங்களையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 10⁻¹⁰ மோலார் வரும். பாக்டீரியா நன்றாக வளர வேண்டுமானால் 10⁻⁷ முதல் 10⁻⁶ மோலார் வரை வேண்டும். எப்படிக் கூட்டினாலும் ஆயிரம் மடங்குப் பற்றாக்குறை நிற்கிறது.

ஃபெரிக் அயனிக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

உருவம் சிறிது, மின்சுமை மூன்று. தன்னைச் சூழ்ந்த ஆறு நீர் மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களை அது பலமாக இழுக்கிறது. அந்த நீர் தன் புரோட்டானைத் தளர்த்துகிறது. இந்த நீரேறிய ஃபெரிக் அயனியின் பிகேஏ (அமில வலுவின் அளவு; எண் குறைந்தால் வலு கூடும்) சுமார் 2.2. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு அது 4.76. உப்புக் கரைசல் என்று நாம் நினைப்பது உண்மையில் அசிட்டிக் அமிலத்தைவிட வலுவான அமிலம்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபெரிக் நைட்ரேட் படிகம் வெளிர் ஊதா. தண்ணீரில் போட்ட உடனே கரைசல் மஞ்சள் கலந்த பழுப்பாகிறது: புரோட்டான் கழன்று ஹைட்ராக்சைடு உருவாகிவிட்டதன் அடையாளம். அதில் நைட்ரிக் அமிலத்தை விட்டால் நிறம் வெளுத்துவிடும். மாறாகக் காரத்தை விட்டால் ஹைட்ராக்சைடுகள் ஒரு இரும்பையும் அடுத்த இரும்பையும் பாலம்போட்டு இணைத்துக்கொண்டே போய், பழுப்புக் கூழாக அடியில் தங்கும். பிஎச் ஒரு படி ஏறும்போதெல்லாம் தனித்த அயனியின் செறிவு ஆயிரம் மடங்கு சரிகிறது. மும்மடி செய்யும் வேலை அது.

இவ்வளவு தொல்லை பிடித்த உலோகத்தை உயிர்கள் ஏன் தேர்ந்தெடுத்தன?

தேர்ந்தெடுத்த காலத்தில் தொல்லை இல்லை. ஆதிக் கடலில் ஆக்சிஜன் கிடையாது. இரும்பு இரண்டு மின்சுமை கொண்ட ஃபெரஸ் நிலையில் தாராளமாகக் கரைந்திருந்தது. நொதிகளும் இரும்பு-கந்தகக் கொத்துகளும் அந்தச் செழிப்பில் உருவானவை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள் வெளியிட்ட ஆக்சிஜன் காற்றில் தங்க ஆரம்பித்தது. கடலின் இரும்பு துருவாகி அடியில் படிந்தது. இன்று நாம் வெட்டியெடுக்கும் பட்டையிட்ட இரும்புத் தாதுவில் பெரும்பகுதி அந்த நெடுங்காலப் படிவுதான். அதற்குள் உயிரின் அடிப்படை இயந்திரங்கள் எல்லாம் இரும்பை நம்பிக் கட்டப்பட்டுவிட்டன. ஒருசில விதிவிலக்குகளைத் தவிர யாராலும் பின்வாங்க முடியவில்லை.

அப்படியானால் இரும்பை ஃபெரஸாகவே வைத்துக்கொள்ளலாமே?

செல்லுக்குள் ஓரளவு அப்படித்தான் இருக்கிறது, ஆனால் கட்டுக்காவலோடு. ஃபெரஸ் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறக்கும். ஃபென்டன் வினை என்று பெயர். அந்தத் தனியுறுப்பு டிஎன்ஏ, கொழுப்பு, புரதம் என்று எதிரே வருவதையெல்லாம் தாக்கும். ஃபெரிக் கரையாது, ஃபெரஸ் கரையும், ஆனால் சுடும். எந்த நிலையிலும் இரும்பை அவிழ்த்துவிட முடியாது என்பதால்தான் அது எப்போதும் ஏதாவதொரு மூலக்கூறின் பிடியிலேயே இருக்கிறது.

சிடரோஃபோர் என்பது என்ன?

பாக்டீரியா, பூஞ்சை போன்றவை வெளியே சுரக்கும் சிறு மூலக்கூறு. இரும்பைத் தேடிப் பிடித்து, அணைவுச் சேர்மமாக்கி, கரைந்த நிலையில் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. 500-க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. முதலில் தெளிவாகப் பிரித்தெடுக்கப்பட்டவற்றில் ஒன்று ஃபெர்ரிக்ரோம். 1952-இல் நெய்லண்ட்ஸ் ஒரு கரிப்பூட்டைப் பூஞ்சையிலிருந்து எடுத்தார். ஈ. கோலை போன்றவை சுரக்கும், துறையில் எல்லோருக்கும் தெரிந்த என்டரோபாக்டின் 1970-இல் இரு குழுக்களால் தனித்தனியாகக் கண்டறியப்பட்டது.

வடிவமைப்பில் ஒரு பொது விதி தெரிகிறது. ஃபெரிக் இரும்பு கடின அமிலம், அதாவது உருவம் சிறுத்து மின்சுமை மிகுந்த அயனி. கடினக் காரமான ஆக்சிஜனைத்தான் விரும்பும். அதனால் கேட்டகால், ஹைட்ராக்சமேட், ஆல்ஃபா-ஹைட்ராக்சி கார்பாக்சிலேட் என்று எதிர்மின்சுமை தாங்கிய ஆக்சிஜன் இரட்டைகள்தான் பெரும்பாலும் வருகின்றன. அப்படி மூன்று இரட்டைகள் சேர்ந்தால் இரும்பின் ஆறு இடங்களும் நிரம்பிவிடும். மூன்றையும் ஒரே சட்டத்தில் கோத்துவிட்டால், ஒரு கை நழுவினாலும் மற்ற இரண்டு விடாது. கொடுக்கிணைப்பு விளைவின் முழுப் பலனும் கிடைக்கும்.

ஒரு பாக்டீரியா சிடரோஃபோர் சுரக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1987-இல் ஷ்வினும் நெய்லண்ட்ஸும் வெளியிட்ட குரோம் அசுரால் எஸ் முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சாயம் இரும்போடு சேர்ந்திருக்கும்போது ஆழ்ந்த நீலம். இரும்பை இழந்தால் ஆரஞ்சு. நீல நிற அகர் தட்டில் பாக்டீரியாவைப் புள்ளியாக வைத்து அடைகாக்க வேண்டும். சுரக்கும் இனமாக இருந்தால் காலனியைச் சுற்றி ஆரஞ்சு வளையம் விரிந்துகொண்டே வரும். சாயத்திடமிருந்து இரும்பைப் பிடுங்கிய எல்லை எதுவோ அதுவே வளையத்தின் விளிம்பு. தட்டு தயாரிக்கும்போது கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தில் கழுவாமல் விட்டால் ஒட்டியிருக்கும் இரும்பே சோதனையைக் கெடுத்துவிடும். கண்ணாடியிலும் இரும்பு, உப்பிலும் இரும்பு.

என்டரோபாக்டினின் நிலைப்பு மாறிலி 10⁴⁹ என்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பலாமா?

எண் சரி: இரும்பை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதன் அளவு அது. ஒப்பிடும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்த மாறிலி, ஈனி (உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறு) தன் புரோட்டான்களை முழுக்க இழந்த நிலையைக் கணக்கில் கொண்டது. என்டரோபாக்டினின் ஆறு ஃபீனால் புரோட்டான்களும் பிஎச் 7-இல் தானாகக் கழல்வதில்லை. இரும்பு அவற்றோடு போட்டி போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். எனவே மாறிலியை மட்டும் வைத்து ஒரு கேட்டகாலையும் ஒரு ஹைட்ராக்சமேட்டையும் எடைபோடுவது நியாயமில்லை.

இதற்காகத்தான் பிஎஃப்இ என்ற அளவு வந்தது. பிஎச் 7.4-இல் 1 மைக்ரோமோலார் இரும்பும் 10 மைக்ரோமோலார் ஈனியும் இருக்கும்போது, பிடிபடாமல் மிஞ்சும் ஃபெரிக் அயனிச் செறிவின் எதிர்மடக்கை அது. என்டரோபாக்டினுக்கு 35.5, ஹைட்ராக்சமேட் வகைச் சிடரோஃபோரான டெஸ்ஃபெரியாக்சமின் பி-க்கு 26.6, நம் ரத்தத்திலுள்ள டிரான்ஸ்ஃபெரினுக்குச் சுமார் 23.6. மாறிலிக் கணக்கில் முதல் இரண்டுக்கும் 18 மடக்கை இடைவெளி. நடைமுறைக் கணக்கில் அது ஒன்பதாகச் சுருங்குகிறது. அப்போதும் நூறு கோடி மடங்கு வித்தியாசம், சின்ன விஷயமில்லை. ஆனாலும் பாடப்புத்தகங்கள் மாறிலியை மட்டும் அச்சடித்துவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவு இறுக்கமாகப் பிடித்தால், பிறகு விடுவிப்பது எப்படி?

என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மையக் கேள்வி இதுதான். பிடிப்பதற்கு வேதியியல் நிறைய வழி வைத்திருக்கிறது. பிடித்ததை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் விடுவதற்குத்தான் ஒவ்வொரு உயிரும் தனித்தனியாக விலை கொடுத்திருக்கிறது.

பரவலான வழி ஒடுக்கம். ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றினால் இதே ஆக்சிஜன் ஈனிகளின் பிடி தளர்ந்துவிடும். ஹைட்ராக்சமேட் வகைகளுக்கு இது ஒத்துவருகிறது: ஃபெரியாக்சமின் பி-யின் (இரும்பு ஏறிய டெஸ்ஃபெரியாக்சமின் பி) ஒடுக்க மின்னழுத்தம் சுமார் −0.45 வோல்ட். இந்த எண் எதிர்ப்பக்கம் போகப்போக ஒடுக்குவது கடினம். செல்லில் கிடைக்கும் ஒடுக்கியான என்ஏடிஎச்-இன் மின்னழுத்தம் −0.32 வோல்ட். இடைவெளி இருந்தாலும், வெளிவரும் ஃபெரஸை உடனுக்குடன் வேறொன்று பறித்துக்கொண்டால் வினை நகரும். இரும்பை விட்ட சிடரோஃபோர் சேதாரமின்றி மிஞ்சும்; மறுபடி வெளியே அனுப்பலாம்.

என்டரோபாக்டினிடம் இது பலிக்காது. அதன் அணைவின் மின்னழுத்தம் நடுநிலை பிஎச்-இல் சுமார் −0.75 வோல்ட். செல்லில் இருக்கும் எந்தச் சாதாரண ஒடுக்கியும் அங்கே எட்டாது. பாக்டீரியா என்ன செய்கிறது தெரியுமா? ஃபெஸ் என்ற நொதியை ஏவி, மூன்று செரின்களை வளையமாகக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை வெட்டிவிடுகிறது. சட்டம் உடைந்ததும் பிடி தளர்கிறது, மின்னழுத்தம் எட்டும் தூரத்துக்கு ஏறுகிறது, இரும்பு வெளியே வருகிறது. உண்டியலை உடைத்துக் காசெடுப்பது போன்ற வேலை இது. அவ்வளவு செலவழித்துக் கட்டிய மூலக்கூறு ஒரே ஓர் இரும்பு அணுவோடு முடிந்துபோகிறது. இப்படியொரு ஊதாரித்தனத்தை இயற்கைத் தேர்வு ஏன் விட்டுவைத்தது என்றால், இரும்பு கிடைக்காத இடத்தில் அந்த ஒரு அணுவுக்கு அத்தனை மதிப்பு.

கடல்வாழ் பாக்டீரியாக்கள் சிலவற்றின் சிடரோஃபோர்களுக்கு மூன்றாவது வழி உண்டு: வெயில். ஆல்ஃபா-ஹைட்ராக்சி கார்பாக்சிலேட் தொகுதி உள்ள அணைவின் மேல் ஒளி பட்டால் ஈனியிலிருந்து ஓர் எலக்ட்ரான் இரும்புக்குத் தாவுகிறது. ஈனி சிதைகிறது; இரும்பு ஃபெரஸாகிறது.

இரும்பைச் சுமந்த சிடரோஃபோர் செல்லுக்குள் எப்படி நுழைகிறது?

கிராம்-எதிர் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள சாதாரணத் துளைகள் சுமார் 600 டால்டன் வரைக்கும்தான் வழிவிடும். இரும்போடு கூடிய என்டரோபாக்டின் 700-ஐத் தாண்டிவிடுகிறது. அதற்கென்றே ஃபெப்-ஏ என்ற ஏற்பி இருக்கிறது: 22 இழைகளால் ஆன பீப்பாய், நடுவில் ஓர் அடைப்பு. வெளிச்சவ்வில் ஆற்றல் தரும் ஏடிபி கிடையாது. எனவே உள்சவ்வின் புரோட்டான் விசையை டான்-பி என்ற புரதம் எட்டிப்பிடித்து ஏற்பிக்குக் கடத்துகிறது. அடைப்பு அசைந்து வழி திறக்கிறது.

திறக்கும் கதவு என்றால் திருடனும் வருவான். ஃபெர்ரிக்ரோமுக்கான ஏற்பியைப் பிடித்துக்கொண்டுதான் டி5 என்ற வைரஸ் ஈ. கோலைக்குள் நுழைகிறது. அல்போமைசின் என்னும் இயற்கை நுண்ணுயிர்க்கொல்லி, இரும்பு கட்டிய சிடரோஃபோராக வேடமிட்டு அதே வழியில் போகிறது. இந்த உத்தியை மருந்தாக்கியதுதான் செஃபிடெரோகால். கேட்டகால் பூட்டிய செஃபலோஸ்போரின் வகை நுண்ணுயிர்க்கொல்லி அது. 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரும்புக்கு ஏங்கும் பாக்டீரியா அதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒருவர் சுரந்ததை இன்னொருவர் எடுத்துக்கொண்டால்?

தாராளமாக நடக்கிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா சுரக்கும் பயோவெர்டின் மஞ்சள்-பச்சையாக ஒளிரும் சிடரோஃபோர். அதைச் சுரக்காமல் ஏற்பியை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும் திரிபுகள், சுரக்கும் திரிபுகளுக்கு நடுவே செழித்து வளர்வதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் ஓசிச் சோறு தின்ன ஆரம்பித்தால் கூட்டமே தளர்ந்துபோகும். ரொட்டி ஈஸ்ட் எந்தச் சிடரோஃபோரும் தயாரிப்பதில்லை. மற்றவர்களுடையதை எடுத்துக்கொள்ள மட்டும் கடத்திகள் வைத்திருக்கிறது.

மனித உடல் என்ன செய்கிறது?

நம் உடலில் இருப்பது 3 முதல் 4 கிராம் இரும்பு. தினமும் குடல் வழியே உள்ளே வருவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். ஆனால் எலும்பு மஜ்ஜைக்கு நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் தேவை. மீதி எல்லாம் பழைய சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் தின்று மீட்டெடுப்பது.

குடலில் முதல் வேலை ஒடுக்கம். சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு சைட்டோகுரோம் (எலக்ட்ரான் கடத்தும் ஹீம் புரதம்) ஃபெரிக்கை ஃபெரஸாக்கும். வைட்டமின் சி கூட இருந்தால் இந்த வேலை சுலபமாகும். டிஎம்டி1 என்ற கடத்தி ஃபெரஸை உள்ளே எடுக்கும். மறுபக்கம் ஃபெர்ரோபோர்டின் வெளியே தள்ளும். வெளியே வந்ததும் ஹெஃபெஸ்டின் என்ற தாமிர நொதி அதை மறுபடி ஃபெரிக்காக்கும். தாமிரக் குறைபாடு ரத்தசோகையில் கொண்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தத்தில் காத்திருப்பது டிரான்ஸ்ஃபெரின். இரும்பு ஏறினால் இளஞ்சிவப்பாகும் புரதம். இரண்டு டைரோசின், ஓர் அஸ்பார்டேட், ஒரு ஹிஸ்டிடின் என நான்கு பிடிகள். மிச்ச இரண்டு இடங்களை ஒரு கார்பனேட் நிரப்புகிறது. அது இல்லாவிட்டால் இரும்பு உறுதியாக உட்காராது. பிஎச் 7.4-இல் பிணைப்பு மாறிலி சுமார் 10²⁰. விடுவிக்கும் சூட்சுமம் அந்தக் கார்பனேட்டில்தான் இருக்கிறது. ஏற்பியோடு சேர்ந்து செல்லுக்குள் போன டிரான்ஸ்ஃபெரின், பிஎச் 5.5 உள்ள பைக்குள் மாட்டுகிறது. புரோட்டான்கள் கார்பனேட்டைக் கலைத்துவிடுகின்றன, புரதத்தின் மடல் திறக்கிறது, ஸ்டீப்3 என்ற நொதி இரும்பை ஒடுக்குகிறது. காலியான டிரான்ஸ்ஃபெரின் செல்லின் மேற்பரப்புக்குத் திரும்பி வந்து மறு சவாரிக்குப் புறப்படும். புரதம் உடைவதே இல்லை. என்டரோபாக்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு சிக்கனம்!

சேமிப்புக்கு ஃபெரிட்டின். 24 துணை அலகுகள் கூடிக் கட்டிய 12 நானோமீட்டர் கூடு. உள்ளே 8 நானோமீட்டர் வெற்றிடம். ஃபெரஸாக உள்ளே நுழைந்து, ஃபெரிக்காக ஆக்சிஜனேற்றப்பட்டு, 4,500 அணுக்கள் வரை ஃபெர்ரிஹைட்ரைட் கனிமமாக அடுக்கப்படும். அதாவது எந்தத் துருவிலிருந்து தப்பிக்க இத்தனை ஏற்பாடோ, அதே துருவைப் புரத உறைக்குள் போட்டு வைத்திருக்கிறது உடல். எடுக்கும்போது பெரும்பாலும் கூட்டையே செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைத்துத்தான் எடுக்கிறது.

அளவுக்கு மிஞ்சினால் வெளியேற்ற உடலுக்கு முறையான வழியே கிடையாது. கட்டுப்பாடு முழுவதும் நுழைவாயிலில்: கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் ஃபெர்ரோபோர்டினை அழித்து வாசலை அடைக்கிறது.

காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் இரும்பு குறைவது ஏன்?

உடல் வேண்டுமென்றே ஒளித்துவைக்கிறது. அழற்சியின்போது ஹெப்சிடின் கூடும். இரும்பு மேக்ரோஃபேஜுக்குள்ளேயே தங்கிவிடும். கிருமி பட்டினி கிடக்கும். இந்தப் போரின் முதல் சான்று முட்டை வெள்ளைக்கருவில் கிடைத்தது. 1944-இல் ஷேடும் கரோலைனும், பச்சை வெள்ளைக்கரு பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கிறது என்றும், இரும்பைச் சேர்த்தால் அந்தத் தடை விலகிவிடுகிறது என்றும் காட்டினார்கள். காரணம் ஓவோடிரான்ஸ்ஃபெரின். தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் இருக்கும் லாக்டோஃபெரின் அதன் உறவினர்.

கிருமி என்டரோபாக்டினை அனுப்பினால் நம் வெள்ளணுக்கள் சிடரோகாலின் என்ற புரதத்தை அனுப்பி, இரும்போடு சேர்த்து அதை விழுங்கிவிடும். சால்மொனெல்லா அதற்கும் பதில் வைத்திருக்கிறது: என்டரோபாக்டினில் குளுக்கோஸை ஒட்டி சால்மோகெலின் ஆக்கிவிடுகிறது. சிடரோகாலினின் குழிக்குள் அது பொருந்தாது. லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா பர்க்டோர்ஃபெரி இந்தச் சண்டைக்கே வரவில்லை. இரும்பைக் கைகழுவிவிட்டு மாங்கனீசை வைத்துக் காலம் தள்ளுகிறது. முன்னால் சொன்ன விதிவிலக்குகளில் இது ஒன்று.

மண்ணில் இரும்பு இருந்தும் பயிர் மஞ்சளாவது ஏன்?

சுண்ணாம்பு மிகுந்த மண்ணின் பிஎச் 7.5 முதல் 8.5 வரை இருக்கும். அங்கே ஃபெரிக்கின் கரைதிறன் அடிமட்டம். இளம் இலையின் நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளிறினால் இரும்புக் குறைபாட்டை முதலில் சந்தேகிக்கலாம்.

செடிகளுக்குள் இரண்டு வழிமுறைகள். அவரை, தக்காளி போன்றவை வேரிலிருந்து புரோட்டானை வெளியேற்றி மண்ணை அமிலமாக்கி, வேரின் மேற்பரப்பிலேயே ஃபெரிக்கை ஒடுக்கி, ஃபெரஸாக உள்ளே எடுக்கின்றன. சுண்ணாம்பு மண் அமிலத்தை விழுங்கிவிடும் என்பதால் இந்த வழி அங்கே எளிதில் தோற்கும். புல் குடும்பம் வேறு வழியில் போனது. பார்லி வேர் மியூஜினிக் அமிலத்தைச் சுரக்கிறது. அது இரும்பைப் பிடித்ததும் அணைவு முழுசாக வேருக்குள் இழுக்கப்படுகிறது. ஜப்பானில் தகாகி இதைக் கண்டறிந்தார். சுரப்பு நாள் முழுக்க நடப்பதில்லை. சூரியன் எழுந்த சில மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டுவிட்டு அடங்குகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதற்குள் வேலையை முடித்துவிட வேண்டுமே. அதன் நிலைப்பு மாறிலி சுமார் 10¹⁸ மட்டுமே. என்டரோபாக்டினோடு ஒப்பிட்டால் தளர்ந்த பிடி, ஆனால் செடிக்குள் போனபின் கழற்றுவது சுலபம்.

நெல் இரண்டு படகிலும் கால் வைத்திருக்கிறது. மியூஜினிக் வகை அமிலமும் சுரக்கும். நீர் தேங்கிய, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் ஃபெரஸ் தானாகக் கிடைக்கும்போது அதை நேராகவும் எடுத்துக்கொள்ளும்.

உரமாக எதைப் போடுவது என்று கேட்பவர்களுக்கு: இடிடிஏ என்ற கொடுக்கிணைப்பி கட்டிய இரும்பு சுண்ணாம்பு மண்ணில் நிலைக்காது. இடிடிஎச்ஏ இரும்பு விலை கூடுதல், ஆனால் காரத்தைத் தாங்கும். வெறும் ஃபெரஸ் சல்பேட்டை அந்த மண்ணில் கொட்டுவது துரு தயாரிப்பதற்குச் சமம்.

கடலில் நிலைமை எப்படி?

இன்னும் மோசம். திறந்த கடலின் மேற்பரப்பில் கரைந்த இரும்பு பெரும்பாலும் 1 நானோமோலாருக்கும் கீழே. இருப்பதிலும் ஏறக்குறைய எல்லாமே கரிம ஈனிகளின் பிடியில். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிஞ்சிக் கிடந்தும் தென் பெருங்கடலில் பாசி செழிக்காததற்கு இரும்புப் பற்றாக்குறையே காரணம் என்று கடலியலாளர் ஜான் மார்ட்டின் வாதிட்டார். 1993-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே கடலில் இரும்பைத் தூவிச் சோதித்தபோது பாசி பெருகியது.

துருவைச் சுவாசிக்கும் பாக்டீரியா உண்டு என்பது உண்மையா?

உண்மை. ஜியோபாக்டர், ஷெவனெல்லா ஆகியவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எலக்ட்ரானைக் கொட்டத் திடத் துருவைப் பயன்படுத்துகின்றன. துரு செல்லுக்குள் வராது என்பதால் எலக்ட்ரான் வெளியே போகிறது: சைட்டோகுரோம்கள் சங்கிலியாக நின்று வெளிச்சவ்வைத் தாண்டிக் கடத்துகின்றன. ஜியோபாக்டரின் மின்கடத்தும் இழைகளில் ஒரு வகை, ஹீம்கள் வரிசையாக அடுக்கிய சைட்டோகுரோம்தான் என்று 2019-இல் தெரியவந்தது. இங்கே இரும்பு உணவல்ல, மூச்சு.

இரும்பைத் தவிர வேறு எந்த உலோகங்களுக்கு இந்தச் சிக்கல் உண்டு?

தாமிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்களுக்கு அது நிறைய வேண்டும். மெத்தனோபாக்டின் என்ற சிறு மூலக்கூறைச் சுரந்து பிடிக்கின்றன. இதில் பிடிப்பது நைட்ரஜனும் கந்தகமும். ஏனென்றால் பிடிபடுவது மென் அமிலமான ஒற்றை மின்சுமைத் தாமிரம்.

மாலிப்டினத்தின் வரலாறு இரும்புக்குத் தலைகீழ். ஆக்சிஜன் உள்ள நீரில் மாலிப்டேட்டாக நன்றாகக் கரையும். சல்ஃபைடு நிறைந்த நீரில் படிந்துவிடும். அலுமினியத்துக்குக் கரையாமல் இருப்பதே நல்லது. மண் பிஎச் 5-க்கு அருகே இறங்கினால் அது கரைந்து வேரைக் கருக்கும். கோதுமை மாலேட்டைச் சுரந்து அதைக் கட்டிப்போடுகிறது.

எனக்குப் பிடித்தது லாந்தனைடுகளின் கதை. பாஸ்பேட்டாகப் பாறையில் உறைந்து கிடக்கும் இவற்றுக்கு உயிரியலில் வேலையே இல்லை என்றுதான் நீண்டகாலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியின் எரிமலைச் சேற்றுக் குழியில் வாழும் மெத்திலாசிடிஃபிலம் ஃபுமரியோலிகம், அந்தச் சேற்றுநீரைச் சேர்த்தால்தான் ஆய்வகத்தில் வளர்ந்தது. அந்த நீரில் என்ன இருந்தது என்று தேடிப் போனதில் லாந்தனம், சீரியம் வகையறாக்கள் அகப்பட்டன. மெத்தனாலை ஆக்சிஜனேற்றும் அதன் நொதிக்கு அவை கட்டாயம் என்று 2014-இல் உறுதியானது. 2018-இல் லான்மோடுலின் என்ற புரதம் வந்தது. பைகோமோலார் அளவிலேயே லாந்தனைடைப் பிடிக்கும். கால்சியம் எவ்வளவோ மிகுந்திருந்தாலும் ஏமாறாது. அரிய மண் உலோகங்களைப் பிரிக்க அதைப் பயன்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன.

பாக்டீரியாவின் சிடரோஃபோர் மனிதருக்கு மருந்தாவது எப்படி?

தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள நோயாளிக்கு ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு சேர்ந்து வருகிறது. வெளியேற வழி இல்லாததால் அது இதயத்திலும் கல்லீரலிலும் படியும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பைலோசஸ் தரும் டெஸ்ஃபெரியாக்சமின் பி அதைக் கட்டி வெளியே கொண்டுபோகிறது. 1 கிராம் மருந்து அதிகபட்சம் 85 மில்லிகிராம் இரும்பைப் பிடிக்கும். ரத்தத்தில் நீண்ட நேரம் தங்காது என்பதால் தோலுக்கடியில் ஊசி செருகி 8 முதல் 12 மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். வாரத்தில் ஐந்தாறு இரவுகள். வாய்வழி மருந்துகளான டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ் வந்தபின் பலருக்கு அந்த ஊசித் தொல்லை குறைந்தது.

ஒரு சிக்கலும் உண்டு. யெர்சினியா என்டரோகோலிட்டிகா தானே தயாரிக்காத டெஸ்ஃபெரியாக்சமினையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பி வைத்திருக்கிறது. இந்த மருந்தில் இருப்பவருக்குக் காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் மருத்துவர்கள் மருந்தை நிறுத்திவிட்டு முதலில் அந்தத் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

புளூட்டோனியத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. புளூட்டோனியத்தின் நான்கு மின்சுமை அயனி, மின்சுமைக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தில் ஃபெரிக் இரும்பை நெருங்கியே இருக்கிறது. அதுவும் கடின அமிலம். அதன் ஹைட்ராக்சைடும் நடுநிலை நீரில் கரையாது. உடலுக்குள் புகுந்தால் டிரான்ஸ்ஃபெரின் அதை இரும்பு என்று எண்ணிச் சுமந்து போகும். கல்லீரலிலும் எலும்பிலும் இறக்கிவைக்கும். வெளியேற்ற டிடிபிஏ என்ற கொடுக்கிணைப்பியை ஊசி வழியே தருகிறார்கள். முதல் நாள் கால்சியம் உப்பு, மறுநாளிலிருந்து துத்தநாக உப்பு: கால்சியம் உப்பையே தொடர்ந்தால் உடலுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் அது சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். சிடரோஃபோர்களைப் பார்த்து வரைந்த ஹைட்ராக்சிபிரிடினோன் வகைகளை, வாயால் விழுங்கக்கூடிய மாற்றாகக் கொண்டுவரும் முயற்சி கென்னத் ரேமண்டின் ஆய்வுக்குழுவில் தொடங்கியது. என்டரோபாக்டினின் பிடியை அளந்து சொன்னதும் அதே குழுதான்.